ரேச்சல் மெக்லிஷ்: மேடையிலிருந்து திரைக்கு வந்த முதல் மிஸ் ஒலிம்பியா

உடற்கட்டுப் போட்டிக்கு நம் ஊரில் வழங்கும் பெயர் "ஆணழகன் போட்டி". சுவரொட்டியில் எண்ணெய் பூசி மின்னும் புஜங்களோடு நிற்பவர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறோம். அந்தப் போட்டியில் ஒரு பெண் கலந்துகொண்டால் அதற்கு என்ன பெயர் வைப்பது? "பெண்ணழகி" என்று சொன்னால் அது வேறு போட்டி ஆகிவிடுகிறது. கிரீடமும் பூச்செண்டும் கண்ணீரும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. இது நம் மொழியில் மட்டும் உள்ள சிக்கல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரேச்சல் மெக்லிஷைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான், அமெரிக்காவில் நடுவர்களே இந்தக் குழப்பத்தில் பல ஆண்டுகள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள் என்று தெரிந்தது. அந்தக் குழப்பத்தால் உச்சிக்குப் போனவரும் அவர்தான், அதே குழப்பத்தால் கீழே இறங்கியவரும் அவர்தான்.

ரேச்சல் 1955 ஜூன் 21 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில் உள்ள ஹார்லிங்கன் என்ற ஊரில் பிறந்தார். மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்து ஊர் அது. பெற்றோர் வைத்த பெயர் ராக்கெல் எலிசோண்டோ. (மெக்லிஷ் என்பது முதல் கணவரின் குடும்பப் பெயர், அந்த மணம் நீடிக்கவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது.) சின்ன வயதில் பாலே நடனம் கற்றார். கல்லூரியில் எடுத்த பாடம் உடல்நலமும் உடற்கல்வியும். படிக்கும்போதே ஒரு உடற்பயிற்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, எடை தூக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். 1978-இல் பட்டம் வாங்கினார். பிறகு கூட்டாளிகளோடு சேர்ந்து சொந்த ஊரிலேயே "ஸ்போர்ட் பேலஸ்" என்ற உடற்பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். தன் நிலையத்துக்கு விளம்பரம் ஆகுமே என்ற கணக்கும் அவரைப் போட்டி மேடைக்குத் தள்ளியது என்பார்கள். எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருக்கிறது. சரித்திரம் படைக்கக் கிளம்பியவராகத் தெரியவில்லை, கடை வைத்தவராகத் தெரிகிறார்!

அவர் நுழைந்த நேரம் முக்கியமானது. அதற்கு முன்பும் ஆண்களின் உடற்கட்டுப் போட்டிகளில் பெண்கள் மேடை ஏறியதுண்டு. ஆனால் அது இடைவேளையில் வைக்கும் ஒரு அழகிப் போட்டி போலத்தான் நடந்தது. தசையை வைத்தே பெண்களுக்கு மதிப்பெண் போடும் போட்டியை 1977 நவம்பரில் ஒஹாயோ மாநிலம் கேன்டன் நகரில் ஹென்றி மெக்கீ என்பவர் நடத்தினார். 1979-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த முதல் பெண்கள் உலகப் போட்டியில் லிசா லயன் வென்றார். லிசா அதோடு போட்டியை விட்டுவிட்டுப் புகைப்படக் கலைஞர் ராபர்ட் மேப்பிள்தார்ப்பின் கேமரா முன் நின்று வேறு விதமாகப் புகழ் பெற்றார். ஆக, களம் திறந்து கிடந்தது. 1980 ஏப்ரலில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த அமெரிக்கப் பெண்கள் போட்டியில் ரேச்சல் வென்றார். அதே ஆண்டு ஆகஸ்ட் 30-இல் பிலடெல்பியாவில் முதன்முதலாக மிஸ் ஒலிம்பியா நடந்தது. அதிலும் அவரே.

நான்கே மாதத்தில் இரண்டு பெரிய பட்டங்கள். இப்போது அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தால் நமக்கு ஆச்சரியம் வராது. ஒரு நல்ல ஓட்டப்பந்தய வீராங்கனையின் உடல் போலத்தான் இருக்கும். அகன்ற தோள், வயிற்றில் மெல்லிய கோடுகள், பாலே கற்றவரின் நிமிர்ந்த நிற்றல். ஆனால் 1980-இல் அதுவே பலருக்கு அதிகம். ஆரம்ப காலப் போட்டிகளில் பெண்கள் முஷ்டியை இறுக்கி புஜம் காட்டக்கூடாது, விரல்களை விரித்து நளினமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் எதிர்பார்த்தார்கள். யோசித்துப் பாருங்கள். தசையைக் காட்டத்தான் போட்டி. ஆனால் தசை இறுகும்படி கையை மடக்கக்கூடாது! இந்த முரண்பாட்டுக்குள் பொருந்தி நின்ற உடல் ரேச்சலுடையது. தசை உண்டு, அதே சமயம் பத்திரிகை அட்டையில் போட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். 1981-இல் ஃபின்லாந்தின் கீகே எலோமாவிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றார். 1982-இல் பட்டத்தை மீட்டார், அந்த ஆண்டு தொழில்முறை உலகப் போட்டியையும் வென்றார். அமெரிக்கப் பெண்கள் பலர் பயமில்லாமல் இரும்பைத் தொட்டதில் அவர் படங்களுக்குப் பங்கு உண்டு.

அடுத்து வந்தது 1983 டிசம்பர். கதையின் நடுப்பகுதி இதுதான்.

அர்னால்ட் ஷ்வார்ஸ்நெக்கரை உலகுக்குக் காட்டிய "பம்பிங் அயர்ன்" (1977) ஆவணப்படம் பலருக்குத் தெரிந்திருக்கும். அதன் இயக்குநர்களில் ஒருவரான ஜார்ஜ் பட்லர், பெண்களை வைத்து இரண்டாம் பாகம் எடுக்க விரும்பினார். அதற்காகவே லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸில் ஒரு போட்டி ஏற்பாடானது. ரேச்சல் நட்சத்திரம். நியூஜெர்சியைச் சேர்ந்த கறுப்பினப் பெண் கார்லா டன்லப், அந்த ஆண்டின் மிஸ் ஒலிம்பியா. இவர்களோடு ஆஸ்திரேலியாவிலிருந்து பெவ் பிரான்சிஸ் என்ற எடைதூக்கும் வீராங்கனையும் வந்தார். பெஞ்ச் பிரஸ்ஸில் 300 பவுண்டுக்கு மேல் (136 கிலோவுக்கு மேல்) தூக்கிய முதல் பெண் என்று சொல்லப்படுபவர். அவர் மேடையில் நின்றபோது மற்றவர்கள் எல்லாம் வேறொரு விளையாட்டைச் சேர்ந்தவர்கள் போலத் தெரிந்தார்கள்.

1985-இல் வெளியான அந்தப் படத்தில் என்னை மிகவும் கவர்ந்தது போட்டி அல்ல, நடுவர்களின் கூட்டம். உலகக் கூட்டமைப்பின் தலைவர் பென் வைடர் உட்கார்ந்து, பெண்மையும் தசையும் சரியான அளவில் இருக்க வேண்டும் என்று விளக்குகிறார். எந்த அளவு? அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஒரு நடுவர் மட்டும் எதிர்த்துக் கேட்கிறார். பனிச்சறுக்கு விளையாட்டில் பெண்கள் இவ்வளவு வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று யாராவது சொல்வார்களா என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். நியாயமான கேள்வி. (எங்கள் பகுதி ஜிம் ஒன்றில் பெண்களுக்கான நேரத்தில் சின்ன டம்பெல்கள் மட்டுமே வெளியே இருக்கும். பெரியது கேட்ட என் தோழியிடம், "அதெல்லாம் தூக்கினா கை ஆம்பள மாதிரி ஆயிடும்மா" என்றார் பயிற்சியாளர். பென் வைடரின் கூட்டத்தைப் பார்த்தபோது அந்தக் குரல்தான் காதில் கேட்டது.)

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆண்களைப் போல் பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதில்லை. அதனால் பயிற்சியால் மட்டும் வளரும் தசைக்கு இயல்பாகவே ஒரு எல்லை உண்டு. ஸ்டீராய்டு ஊசி வந்தபோது அந்த எல்லை உடைந்தது. குரல் தடிப்பது, முகத்தில் முடி வளர்வது போன்ற விளைவுகளும் சேர்ந்து வந்தன. எனவே "இது போதும்" என்றவர்கள் எல்லாரும் பெண்களை மட்டம் தட்ட நினைத்தவர்கள் என்று எழுதிவிட முடியாது. ஆனால் மருந்துக்குப் பதில் மருந்துப் பரிசோதனைதானே? அழகைப் பரிசோதிப்பது எப்படித் தீர்வாகும்?

முடிவு என்ன ஆனது? கார்லா டன்லப் முதலிடம். பெவ் பிரான்சிஸ் எட்டாம் இடம். ரேச்சல் மூன்றாம் இடம். பெவ்வை "அளவுக்கு மீறியவர்" என்று கீழே தள்ளினார்கள். அதே சமயம் மூன்று ஆண்டுகளுக்கு முன் அளவுகோலாக இருந்த ரேச்சலின் உடல் இப்போது போதவில்லை. யாரும் அவரைத் தோற்கடித்தார்கள் என்பதைவிட, அவர் நின்றிருந்த தரை நகர்ந்துவிட்டது என்று சொல்லலாம். 1984-இல் மான்ட்ரியலில் மீண்டும் ஒருமுறை முயன்றார். அங்கே உயரமும் அகலமுமாக வந்த கோரி எவர்சன் வென்றார், ரேச்சலுக்கு இரண்டாம் இடம். அத்துடன் மேடையை விட்டார். அப்போது அவருக்கு வயது 29.

அதற்குள் அவருக்கு வேறு வழிகள் திறந்திருந்தன. 1984-இல் "ஃப்ளெக்ஸ் அப்பீல்", 1987-இல் "பெர்ஃபெக்ட் பார்ட்ஸ்" என்று இரண்டு பயிற்சி நூல்கள் வந்தன, நன்றாக விற்றன. அவர் பெயரில் உடற்பயிற்சி ஆடைகளும் கடைகளுக்கு வந்தன. 1984-இல் "கெட்டிங் ஃபிசிகல்" என்ற தொலைக்காட்சிப் படத்தில் தானாகவே தோன்றினார். 1990-இல் தயாரிப்பாளர் ரான் சாமுவேல்ஸை மணந்தார். "ஒண்டர் வுமன்" தொடரில் நடித்த லிண்டா கார்ட்டரின் முன்னாள் கணவர் இவர்.

1992-இல் "ஏசஸ்: அயர்ன் ஈகிள் 3" வந்தது. ஜேம்ஸ் பாண்ட் படங்களை இயக்கிய ஜான் கிளென்தான் இயக்குநர், லூயிஸ் கோசெட் ஜூனியர் நாயகன். பெரு நாட்டுக் கிராமம் ஒன்றைப் போதைப்பொருள் கும்பலிடமிருந்து மீட்கப் பழைய விமானங்களில் கிளம்பும் வயதான விமானிகள். அவர்களோடு சேரும் ஆனா என்ற பெண்ணாக ரேச்சல். அடுத்து 1996-இல் "ரேவன் ஹாக்". இதில் அவரே நாயகி. பெற்றோரைக் கொன்றவர்கள் பழியைத் தன்மீது போட்டுவிட, தப்பி வந்து ஒவ்வொருவராகப் பழிவாங்கும் அமெரிக்கப் பழங்குடிப் பெண். நம் ஊரில் எண்பதுகளில் வந்த பழிவாங்கும் படங்களைப் பார்த்தவர்களுக்குக் கதை ஒன்றும் புதிதல்ல. உண்மையைச் சொன்னால் இரண்டுமே பெரிய படங்கள் இல்லை. ஆனாலும் ரேவன் ஹாக்கில் ஒரு விஷயம் இருக்கிறது. அவர் ஓடுகிறார், ஏறுகிறார், அடிக்கிறார். அந்த உடலால் அது முடியும் என்று நமக்கு நம்பிக்கை வருகிறது. அந்தக் காலத்து சண்டை நாயகிகள் பலரிடம் வராத நம்பிக்கை அது.

உடற்கட்டில் வென்ற ஆணுக்கு ஹாலிவுட் "கோனன்" கொடுத்தது, "டெர்மினேட்டர்" கொடுத்தது. பெண்ணுக்கு அப்படி ஒரு வேடம் எழுதப்படவே இல்லை. ஆறு முறை தொடர்ந்து (1984 முதல் 1989 வரை) மிஸ் ஒலிம்பியா வென்ற கோரி எவர்சனுக்கே கிடைத்தது "டபுள் இம்பாக்ட்" (1991) படத்தில் வில்லனின் அடியாள் வேடம்தான். (அந்தப் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர் நம் சென்னையின் டென்னிஸ் வீரர் அசோக் அமிர்தராஜ் என்பது கூடுதல் தகவல்!)

ரேச்சல் போன பிறகும் மேடையில் அந்தச் சண்டை ஓயவில்லை. 1991 மிஸ் ஒலிம்பியாவில் பெவ் பிரான்சிஸ் முன்னெப்போதும் இல்லாத தசையோடு வந்து, லெண்டா மரேயிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார். மறு ஆண்டே பெண்கள் அளவு மீறக்கூடாது என்று விதி வந்தது. 2004 டிசம்பரில் கூட்டமைப்பு இன்னொரு சுற்றறிக்கை அனுப்பியது: பெண்கள் தசையை 20 சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டுமாம். எதிலிருந்து 20 சதவீதம், எந்தத் தராசில் நிறுத்துப் பார்ப்பது என்று கேட்டால் பதில் இல்லை. 2014-க்குப் பிறகு மிஸ் ஒலிம்பியா போட்டியே நின்றுபோய், 2020-இல்தான் திரும்ப வந்தது.

லாஸ் வேகாஸில் எட்டாம் இடம் வந்த பெவ், கணவர் ஸ்டீவ் வைன்பெர்கரோடு நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ஜிம் தொடங்கினார். அந்த ஸ்டீவ் பிற்காலத்தில் ஒலிம்பியா போட்டிகளுக்கே தலைமை நடுவராக உட்கார்ந்தார். ரேச்சல் ரேவன் ஹாக்குக்குப் பிறகு பெரிதாக நடிக்கவில்லை. 1999-இல் கூட்டமைப்பு தன் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது.