விகுதியும் எல்லைக்கோடும்

செங்கோட்டையிலிருந்து மேற்கே போகும் டவுன் பஸ்ஸுக்குப் புளியறையோடு தமிழ்நாடு முடிந்துவிடுகிறது. அப்பால் கோட்டைவாசல், ஆரியங்காவு. 1956 நவம்பர் 1 வரை இந்த எல்லை இங்கே இல்லை. செங்கோட்டை வட்டத்தோடு புளியறையும் திருவிதாங்கூரில் இருந்தது. ஊர் நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது. ஆண், பெண் என்ற கோட்டைப் பற்றி இன்று நடக்கும் சர்ச்சையை யோசிக்க எனக்கு இந்த ஊர் சௌகரியமாக இருக்கிறது.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களிடம் காசு வாங்குவதில்லை. அடுத்த மாதமே சலுகை திருநங்கைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஏறி நிற்பவர் யார் என்பதை ஒரே பார்வையில் தீர்மானித்தாக வேண்டும் கண்டக்டர். இலக்கண ஆசிரியர்கள் சூத்திரம் வகுத்துச் செய்த காரியத்தை இவர் கம்பியில் சாய்ந்துகொண்டு செய்கிறார்.

சூத்திரம் என்று சும்மா சொல்லவில்லை. தொல்காப்பியக் கிளவியாக்கம் இதைப் பேசுகிறது. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்குத் தனக்கென்று ஈறு கிடையாது, உயர்திணைக்குரிய பால் ஈற்றையே அது கொள்ளும் என்கிறது. சில சூத்திரங்கள் தள்ளி, ஆண்பால் ஈறு அதற்கு ஆகாது என்றும் விலக்கிவிடுகிறது. பேடி வந்தாள் என்பது வழாநிலை, வந்தான் என்றால் வழு. பல நூற்றாண்டு கழித்து வந்த பவணந்தி இன்னும் ஒரு படி போகிறார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பினால் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பினால் பெண்பால். உடம்பைப் பற்றிப் பேச்சே இல்லை. விருப்பம்தான் அளவுகோல். இன்றைய சர்ச்சையின் மையச் சொல்லை நன்னூல் இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவது எனக்கு ஆச்சரியம். ஆனால் அந்த ஆச்சரியம் அடங்குவதற்குள், இவ்விருவரும் அஃறிணை போலவும் ஆவர் என்று ஒரு வாலையும் ஒட்டிவிடுகிறார். தொல்காப்பியர் கொடுத்த உயர்திணையைப் பவணந்தி பாதி பிடுங்கிக்கொள்கிறார். நம் தெருக்கள் படித்தது இந்த வாலை மட்டும்தான். 'அது வருது பார்' என்று சொல்பவனுக்கு நன்னூல் தெரியாது. ஆனாலும் அவன் வாயில் இருப்பது அந்த அஃறிணைதான்.

2008 ஏப்ரல் 15இல் தமிழ்நாட்டில் நல வாரியம் வந்தது. அரவாணி என்ற சொல் ஒதுங்கித் திருநங்கை நிலைத்தது. 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம், தன் பாலைத் தானே தீர்மானிப்பது ஒருவரின் உரிமை, அதற்கு அறுவை சிகிச்சையை வற்புறுத்தக் கூடாது என்றது. 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தின் 'மணமகள்' என்ற சொல்லுக்குள் திருநங்கையும் வருவார் என்றது. தென்காசிக்கும் அதிகாரம் உள்ள நீதிமன்றம் அது.

எதிர்த்தரப்பு வெறும் வன்மம் என்று ஒதுக்கிவிட முடியாது. குற்றாலம் பேரருவியில் பெண்கள் குளிக்கும் இடம் தனி. நனைந்த துணியோடு ஒரு பெண் நிற்குமிடத்தில் யார் நிற்கலாம் என்று அவள் கேட்பது, தலைமுறைகளாக உறுத்தும் கண்களைச் சகித்தவளின் கேள்வி. பிரிட்டனில் இதே கேள்வி 2025 ஏப்ரல் 16இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2010ஆம் வருஷத்து சமத்துவச் சட்டத்தில் பெண் என்பது உயிரியல் பாலையே குறிக்கும் என்று தீர்ப்பு வந்தது. பாரபட்சத்துக்கு எதிரான பாதுகாப்பு பால் மாறியவர்களுக்கும் தொடரும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதற்கு முன்பே, 2021இல், மாயா ஃபோர்ஸ்டேட்டர் வழக்கின் மேல்முறையீட்டில், பால் மாறாதது என்று நம்புவதும் சட்டம் காக்க வேண்டிய நம்பிக்கையே என்றார்கள். சரிதான். கேள்வி கேட்டவளின் பிழைப்பைப் பறிப்பது விவாதமாகாது.

ஆனால் வாசலில் ஆள் நிறுத்திப் பரிசோதிக்கலாம் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சோதனையில் முதலில் மாட்டுவது யார் என்பதற்கு நம்மிடமே சரித்திரம் இருக்கிறது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டைச் சாந்தி, பால் சோதனைக்குப் பின் பதக்கத்தை இழந்தார். பெண் போலீஸாகத் தேர்வான ஒருவரை மருத்துவப் பரிசோதனை பெண்ணல்ல என்றது, வேலை போயிற்று. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. இருவருமே பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்தவர்கள். பெண்களைக் காக்க வைத்த சல்லடையில் பெண்களே சிக்கினார்கள். பிரிட்டனில் பேசுகிறவர்கள் இந்த இரண்டு பேரைக் கேள்விப்பட்டிருப்பார்களா, சந்தேகம்தான்.

மொழியில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. வந்தார் என்றால் போதும், பால் தெரியாது, மரியாதையும் குறையாது. அருவிக்கரைக் கம்பிவேலிக்கு அப்படி ஒரு விகுதி கிடையாது. அங்கே எப்படி என்பதை அங்கே குளிக்கும் பெண்களும் திருநங்கைகளும் உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும். பேச இடமில்லாமல் கூச்சல் போடுகிற இரு தரப்பின் மேலும் எனக்கு எரிச்சல்.

புளியறையைத் தாண்டி ஐயப்பன் சீசனில் வண்டிகள் போகும் பாதையில் நடந்த இன்னொன்று. 2018 செப்டம்பர் 28இல் சபரிமலைக்கு எல்லா வயதுப் பெண்களும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, போன பெண்களை வழிமறித்துத் திருப்பிக்கொண்டிருந்த டிசம்பர் மாதம். நான்கு திருநங்கைகளை எருமேலியில் போலீஸ் நிறுத்திற்று. புடவையைக் களைந்து ஆண் உடையில் போகச் சொன்னார்கள் என்பது அவர்கள் சொன்ன புகார். மறுத்துத் திரும்பினார்கள். இரண்டு நாள் கழித்துத் தந்திரியும் பந்தளம் அரண்மனையும் ஆட்சேபம் இல்லை என்றதும், டிசம்பர் 18இல் நால்வரும் பாதுகாப்போடு மலை ஏறினார்கள், கறுப்புப் புடவையிலேயே.