திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி ரயில் பாதை

1905-இல் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இல்லாமற்போன குறும்பாதை. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடி (762 மி.மீ.), நீளம் ஏறத்தாழ 40 கி.மீ. இரு முனைகளுக்கும் நடுவே இருக்கும் பர்கூர், ஜவுளிக் கடைகளுக்கும் கிரானைட்டுக்கும் சிப்காட்டுக்கும் பெயர்பெற்ற ஊர். இங்கே இப்போது எல்லாப் போக்குவரத்தும் சாலையில்தான்.

சென்னையிலிருந்து பேப்பூருக்கு 1862-இல் முடிந்த அகலப்பாதை ஜோலார்பேட்டையில் தெற்கே திரும்பி, திருப்பத்தூர், மொரப்பூர் வழியாகச் சேலத்துக்குப் போய்விட்டது. மேற்கே உள்ள கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஒசூர் மேட்டு நிலங்கள் விடுபட்டன. 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு, தானியம் வேகமாக உள்ளே போக வழி வேண்டும் என்று அரசு யோசித்ததன் விளைவே பஞ்ச நிவாரணப் பாதைகள். திருப்பத்தூர் பாதை ஒன்று. மொரப்பூர்–தர்மபுரி (1906) மற்றொன்று. பின்னது 1913-இல் ஒசூர் வரை நீண்டது.

செலவைக் குறைக்கவே குறும்பாதை. அந்தச் சிக்கனமே பிறகு சுமையாயிற்று: அகலப்பாதை வண்டி குறும்பாதையில் ஓடாது, சந்திப்பில் மூட்டைகளை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். வீட்டு வாசலிலேயே சரக்கேற்றும் லாரியும், ஊருக்கு ஊர் நிற்கும் பேருந்தும் வந்த பிறகு இதற்கு ஏது மதிப்பு?

ரயில் போன பின் தடத்தை என்ன செய்வது என்பதில் நாடுகள் வேறுபட்டன. ஜப்பானின் ஹகுஹோ பாதையில் 1944-இல் ரயில் நின்றது. தண்டவாளங்கள் போருக்குப் போயின. ஆனால் தடம் கைவிடப்படவில்லை. 1957-இல் அதில் பேருந்துக்கு மட்டுமான சாலை வந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்–செயிண்ட் ஐவ்ஸ் தடத்தில் பயணிகள் ரயில் 1970-இல் நின்றது. 2011 ஆகஸ்டில் அங்கே வழிகாட்டுத் தடப் பேருந்து ஓடத் தொடங்கியது. இரு ஓரமும் கான்கிரீட் விளிம்பு. பேருந்தின் முன்புறம் பக்கவாட்டில் பொருத்திய சிறு சக்கரங்கள் அதை ஒட்டி உருண்டு வண்டியைத் திருப்பும். தடத்துக்குள் இருக்கும்வரை ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் தொட வேண்டியதில்லை. தடம் முடிந்ததும் அதே பேருந்து ஊர்த் தெருவுக்குள் நுழையும். ரயிலே திரும்ப வேண்டும் என்று வாதாடியவர்கள் அங்கும் இருந்தார்கள்.

கிருஷ்ணகிரியில் இரண்டுமே நடக்கவில்லை. தடம் பேருந்துக்கு ஒதுக்கப்படவில்லை, ரயிலும் திரும்பவில்லை. ஒசூருக்குக் கதை வேறு: 1960-களில் சேலம்–பெங்களூர் மீட்டர் பாதை வந்தது, 1990-களில் அது அகலப்பாதையானது. அந்த ஊரின் தொழிற்சாலைகளுக்கு அது பெரும் துணை. ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஒசூருக்குப் புதிய பாதை வேண்டும் என்ற கோரிக்கையும் அதற்கான ஆய்வுகளும் பல முறை எழுந்துள்ளன. பழைய தடத்தை விட்டுவிட்டால் பிறகு நிலத்தைப் புதிதாகத் தேடுவது வீண் செலவாகும் என்பதை, குறும்பாதை நின்றபோதே அன்றைய நிர்வாகம் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். 2004-இல் மாவட்டத் தலைநகரான பிறகும் கிருஷ்ணகிரிக்கு ரயில் நிலையம் கிடைக்கவில்லை.