நுண்குகையும் தமிழ்க் கலைச்சொல்லும்

மட்டக்களப்பு வாவிக்கரையின் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய சுவாமி விபுலாநந்தர், 1936 இல் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். நவீன விஞ்ஞானம் தமிழில் இயங்குமா என்ற ஐயத்துக்கு அவர்தம் பணி விடையாயிற்று. அவ்விடை ஒவ்வொரு புதுத்துறையிலும் மீளவும் சோதிக்கப்படுகின்றது. கல உயிரியல் அதற்கோர் எடுத்துக்காட்டாகும்.

1947 இல் அடிகளார் மறைந்தார். 1953 இல் பலாடே, குருதி மயிர்க்கலன்களின் கலமென்சவ்விலே குடுவையொத்த நுண்குழிகளை இலத்திரன் நுணுக்குக்காட்டி வழியே கண்டார். 1955 இல் யமாடா பித்தப்பையிலும் அவற்றைக் கண்டு, சிறுகுகை எனப் பொருள்தரும் இலத்தீன் சொல்லால் 'கவியோலா' எனப் பெயரிட்டார். ஆயின் அவற்றின் அமைப்புப் புரதம் நெடுங்காலம் அறியப்படவில்லை. 1992 இல் கவியோலின் இனங்காணப்பட்ட பின்னரே ஆய்வு விரைவுற்றது. 1998 இல், கவியோலின்-3 இன் மரபணுப் பிறழ்வு இடுப்பு, தோள் தசைகளை நலிவிக்கும் பரம்பரை நோயொன்றுக்குக் காரணமென நிறுவப்பட்டது. 2009 இல், கவின்-1 என்னும் துணைப்புரதத்தின் குறைபாடு உடற்கொழுப்பைக் குன்றச்செய்து தசையையும் பாதிக்குமெனத் தெளிவாயிற்று.

இந்நோய்கள் குடும்பவழி வருவன. காரணத்தைத் தாய்மொழியிற் கேட்டறியாத குடும்பத்தார் அவற்றை முன்வினைப் பயனென்றே கருதக்கூடும். ஆதலின் கவியோலாவுக்கு 'நுண்குகை' போன்றதொரு தமிழ்ப்பெயர் அமைதல், அடிகளார் ஆற்றிய பணியைத் தொடர்வதாகும்.