வேண்டாம் என்று விட்டுவந்த பந்து

1920 அக்டோபர் 23, சனிக்கிழமை. பாஸ்டன் நகரை ஒட்டிய ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் காங்கிரீட் அரங்கில் ஆட்டம் முடிந்திருந்தது. ஹார்வர்டு 31, சென்டர் கல்லூரி 14. ஜெயித்த அணியின் கேப்டன் ஆர்னால்டு ஹோர்வீன், தோற்ற அணியின் போ மெக்மில்லினிடம் வந்து ஆட்டப் பந்தை நீட்டினார். முறைப்படி அது ஜெயித்தவர்களுக்குச் சேர வேண்டியது. முதல் பாதி முடியும்போது 14-14 என்று சரிக்குச் சரியாக நின்று ஆடிய பையன்களுக்கு ஒரு ஞாபகார்த்தமாக இருக்கட்டும் என்று ஹோர்வீன் நினைத்திருக்கலாம். மெக்மில்லின் வாங்கவில்லை. அடுத்த வருஷம் வந்து நாங்களே எடுத்துக்கொண்டு போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பந்து ஹார்வர்டிலேயே தங்கிவிட்டது.

அது எப்படிப்பட்ட பந்து என்று முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் அந்த ஆட்டத்தில் காலுக்கு வேலை குறைவு. கைக்கும் தோளுக்கும்தான் அதிகம். பன்றித்தோல் என்பது பந்தின் செல்லப்பெயர். நிஜத்தில் அது மாட்டுத்தோல். நான்கு தோல்பட்டைகளைச் சேர்த்துத் தைத்து, உள்ளே ரப்பர் பிளாடரை வைத்து ஊதி, பிளாடரின் வாயை மடக்கிக் கட்டி உள்ளே தள்ளி, மேலே தோல்வாரால் இழுத்து இழுத்துப் பின்னுவார்கள். நம்மூர்ப் பள்ளி மைதானங்களில் லேஸ் வைத்த பந்தால் ஹெட் அடித்து நெற்றியில் கோடு வாங்கியவர்களுக்கு அந்த முடிச்சின் முரட்டுத்தனம் தெரியும்.

1912இன் விதிப்படி அந்தப் பந்தின் நீளவாக்குச் சுற்றளவு 28 முதல் 28.5 அங்குலம், குறுக்குவாக்கில் 22.5 முதல் 23 அங்குலம், எடை 14 முதல் 15 அவுன்ஸ். இன்றைய பந்தோடு ஒப்பிட்டால் நல்ல தொப்பை. ஒரு கையால் பிடித்துக் குறிபார்த்து எறிவது லேசான காரியம் இல்லை. ஆனால் தரையில் விழுந்தால் ஓரளவு நேராக எழும்பும். அதனால் கையிலிருந்து நழுவவிட்டு, தரையைத் தொட்டு எழும் கணத்தில் உதைக்கும் டிராப் கிக் அன்று பெரிய ஆயுதம். 1917இல் மெக்மில்லின் அப்படி உதைத்த ஒரே உதையில்தான் சென்டர் கல்லூரி, தன் மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகமான கென்டக்கியை 3-0 என்று தோற்கடித்தது.

இந்தக் குண்டுப் பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதியே 1906இல்தான் வந்தது. 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் பதினெட்டுப் பேருக்குக் குறையாமல் மைதானங்களில் செத்துப்போனார்கள். ஆளை ஆள் மோதி நசுக்கும் ஆட்டத்தைக் கொஞ்சம் பரத்தியாக வேண்டியிருந்தது. மைதானத்தையே அகலமாக்கலாம் என்று ஒரு யோசனை வந்ததாம். 1903இல் கட்டிய ஹார்வர்டு அரங்கின் காங்கிரீட் நகராது என்பதால் அது கைவிடப்பட்டு, பந்தை எறிய அனுமதித்தார்கள் என்று சொல்வார்கள். அது முழுக் காரணமோ இல்லையோ, பணமும் ஆள்பலமும் இல்லாத சின்ன அணிகளுக்கு அந்த விதி ஒரு வாசலைத் திறந்துவிட்டது.

அந்த வாசல் வழியாக வந்ததுதான் சென்டர். கென்டக்கி மாநிலத்தின் டான்வில் என்ற சிற்றூரில் 1819இல் தொடங்கிய பிரஸ்பிட்டேரியன் கல்லூரி. அன்றைக்கு மாணவர்கள் முந்நூறு பேர்கூட இல்லை. 1919இல் மேற்கு வர்ஜீனியாவுக்கு எதிரான ஆட்டத்தில் பையன்கள் ஜெபம் செய்துவிட்டு ஆடி, பின்தங்கியிருந்த நிலையிலிருந்து மீண்டு 14-6 என்று ஜெயித்தார்கள். பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா? 'ஜெபிக்கும் கர்னல்கள்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த வருஷம் தோல்வியே இல்லை. தேசத்தின் முதல் பதினொருவரை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்த வால்டர் கேம்ப் தன் பட்டியலில் மெக்மில்லினையும் ரெட் வீவரையும் சேர்த்தார்.

ஏழைக் கல்லூரி, ஜெபம், வெற்றி என்று கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் சந்தேகப்புத்தி எழும். இந்தப் பையன்களில் முக்கியமானவர்கள் டான்வில் மண்ணில் முளைத்தவர்கள் இல்லை. சென்டரின் பழைய மாணவரான சீஃப் மையர்ஸ், டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் ஒரு பள்ளி அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். அங்கே தான் வளர்த்த பையன்களைத் திரட்டி இங்கே கொண்டுவந்து சேர்த்தார். பிறகு, தன்னைவிடத் தேர்ந்த கை வேண்டும் என்று பயிற்சிப் பொறுப்பை சார்லி மோரனிடம் கொடுத்தார். மோரன் கோடையில் நேஷனல் லீக் பேஸ்பாலில் அம்பயர், இலையுதிர் காலத்தில் ஃபுட்பால் பயிற்சியாளர். மெக்மில்லின் பிறந்தது 1895 ஜனவரியில். ஹார்வர்டை இரண்டாம் முறை சந்திக்கப் போனபோது அந்தக் 'கல்லூரிப் பையனுக்கு' வயது 26. சின்னக் கல்லூரிதான், ஆனால் அணி சின்னப் பையன்களின் அணி இல்லை.

1921 அக்டோபர் 29. எதிரே நின்றது 1919, 1920 இரண்டு பருவங்களிலும் ஒரு தோல்வியும் காணாத ஹார்வர்டு. 1920 புத்தாண்டு தினத்தில் ரோஸ் பவுலில் ஒரிகனை 7-6 என்று வென்ற அணி. ஆனால் முந்தைய சனிக்கிழமைதான் பென் ஸ்டேட்டோடு 21-21 என்று மல்லுக்கட்டிச் சமன் செய்து அலுத்திருந்தது. அரங்கில் சுமார் 45,000 பேர்.

முதல் பாதியில் இரண்டு பக்கமும் ஒரு புள்ளிகூட இல்லை. மூன்றாம் கால்பகுதி தொடங்கிய சில நிமிஷங்களுக்குள் ஹார்வர்டின் 32ஆம் கெஜக் கோட்டில் பந்து மெக்மில்லின் கைக்கு வந்தது. வலது ஓரம் நோக்கி ஓடினார். தடுப்பவர்களும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். சட்டென்று கால் மாற்றி உள்ளே திரும்பினார். ஹெல்மெட் போடாமல் தலையில் ஒரு பட்டையை மட்டும் கட்டிக்கொண்டு ஆடும் ரெட் ராபர்ட்ஸ் போன்ற கனத்த ஆட்கள் முன்னால் வழியை உடைத்துக் கொடுத்திருந்தார்கள். டச்டவுன், ஆறு புள்ளி. கூடுதல் புள்ளிக்கான உதை தவறியது. ஹார்வர்டு கடைசிவரை முட்டிப் பார்த்தும் அந்த ஆறு ஆறாகவே நின்றது.

அப்புறம் நடந்ததில் எனக்குப் பிடித்தது, கோல் கம்பங்களைப் பிடுங்கியவர்கள் யார் என்பதுதான். ஹார்வர்டின் பக்கத்து வீட்டுக்காரர்களான எம்.ஐ.டி. மாணவர்கள். சென்டருக்குக் கூவுவதற்கென்றே வந்திருந்தவர்கள் கம்பங்களைச் சாய்த்து, மெக்மில்லினைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். பங்காளி வீழ்ந்த சந்தோஷத்துக்கு ஈடு ஏது? கென்டக்கி கவர்னர் எட்வின் மாரோ, இந்த நேரத்தில் கவர்னராக இருப்பதைவிட மெக்மில்லினாக இருப்பதே மேல் என்ற பொருளில் பேசினார்.

ஒரு வருஷத்துக்கு முன் தானமாக வந்த பந்தைத் தொடாத அணி, இந்த முறை ஆட்டப் பந்தை உரிமையோடு எடுத்துக்கொண்டு ரயிலேறியது.

டான்வில்லில் அதற்குள் பெயிண்ட் டப்பாக்கள் திறந்துவிட்டன. சென்டர் 6, ஹார்வர்டு 0 என்பதைச் சுருக்கி 'சி6எச்0' என்று கண்ட இடமெல்லாம் எழுதினார்கள். ரசாயனம் படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆறு கார்பன், பூஜ்ய ஹைட்ரஜன். அப்படி ஒரு சேர்மம் எழுதவே முடியாது. 'சாத்தியமில்லாத சூத்திரம்' என்றே அதற்குப் பெயர் வந்தது. கல்லூரி வளாகத்துச் சுவர் ஒன்றில் அது இன்றும் இருக்கிறது. 1950இல் அசோசியேட்டட் பிரஸ், நூற்றாண்டின் முதல் பாதியில் விளையாட்டுலகம் கண்ட மிகப் பெரிய அதிர்ச்சி வெற்றி இதுதான் என்றது.

ஆனால் வேறொரு பந்து அந்தப் பருவத்திலேயே கணக்கைத் தீர்த்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சான் டியாகோவில் அரிசோனாவை 38-0 என்று துவைத்த சென்டர், 1922 ஜனவரி 2 அன்று டல்லஸில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியிடம் 22-14 என்று தோற்றது. மோரன் முன்பு ஆறு பருவங்கள் பயிற்சி கொடுத்த அதே கல்லூரி! காயத்தில் ஆட்கள் சுருண்டு விழ, ஏ அண்ட் எம் பயிற்சியாளர் டானா பைபிள், பத்திரிகையாளர் மாடத்தில் இருந்த கிங் கில் என்ற மாணவரைக் கூப்பிட்டு அனுப்பினார். கில் ஃபுட்பாலை விட்டுவிட்டுக் கூடைப்பந்து அணிக்குப் போயிருந்தவர். கேலரிக்கு அடியில், காயம்பட்ட ஒருவரின் உடையை வாங்கி மாட்டிக்கொண்டு ஓரத்தில் வந்து நின்றார். கடைசிவரை களமிறங்கவில்லை, சும்மா தயாராக நின்றார். அந்தக் கல்லூரியில் 'பன்னிரண்டாவது ஆள்' என்ற மரபு அவரிடமிருந்து வந்தது.

கில் இரண்டு ஆட்டத்துக்கும் பொதுவான ஆளாக இருந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. கூடைப்பந்தே ஃபுட்பால் முடிந்த பிறகு வரும் குளிர்கால இடைவெளிக்காகப் பிறந்ததுதான். 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், அடைபட்டுச் சலித்த 18 மாணவர்களுக்காக ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளை மாட்டினார். உள்ளே எறிந்தது சாதாரண உதைபந்து.

டான்வில்லுக்குப் போன பந்தின் ஜாதிக்கு அதிக ஆயுள் இல்லை. எறிவதற்கு வாகாக 1929இலும், பிறகு 1934இலும் விதியைத் திருத்திப் பந்தின் இடுப்பைக் குறைத்தார்கள். முனை கூரானது, தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் எழும்பும் என்று சொல்ல முடியாமல் போனது. டிராப் கிக் மெல்ல மறைந்தது.

மெக்மில்லின் பயிற்சியாளர் ஆனார். 1926இல் ஜெனீவா என்ற இன்னொரு சின்னக் கல்லூரியின் அணியோடு அதே காங்கிரீட் அரங்குக்குப் போனார். ஜெனீவா 16, ஹார்வர்டு 7.