சுவருக்கு அப்பால் சென்ற சொல்

திருமறையின் யூசுப் அத்தியாயத்தை ஓதுவோர் அனைவரும் அந்தச் சிறைக்கூட நிகழ்ச்சியை அறிவர். விடுதலை பெற்றுச் செல்லவிருந்த தோழனிடம், தம்மைப் பற்றி அரசனிடம் எடுத்துரைக்குமாறு யூசுப் நபி (அலை) கேட்டுக்கொண்டார்கள். வெளியே சென்றவன் மறந்துவிட்டான். நபியவர்களோ மேலும் சில ஆண்டுகள் சிறையிலேயே தங்க நேர்ந்தது. விரிவுரையாளர்கள் இதற்குப் பலவாறு விளக்கம் தருவர். வரலாற்றுக் கண்கொண்டு நோக்கினால், சிறையின் இயல்பே இந்நிகழ்ச்சியில் அடங்கியிருக்கக் காணலாம். உள்ளிருப்பவனின் சொல்லை வெளியே கொண்டுசெல்ல ஒருவர் வேண்டும். கொண்டுசென்றவர் மறவாதிருக்கவும் வேண்டும்.

இவ்விரு தேவைகளுக்காகவும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்த போராட்டம் நீண்டது. அதில் முஸ்லிம் கைதிகள் ஆற்றிய பங்கு நம்மவருள் பலரும் அறியாதது.

அந்நாட்டில் அடிமை முறை 1865-இல் ஒழிந்தது என்று பாடநூல்கள் கூறும். ஒழித்த அந்த அரசியலமைப்புத் திருத்தமே ஒரு விதிவிலக்கையும் வைத்துக்கொண்டது: குற்றத்துக்குத் தண்டனையாக அடிமைத்தனம் நீடிக்கலாம். 1871-இல் வர்ஜீனியா மாநில உயர்நீதிமன்றம், தண்டனை பெற்ற கைதி அரசின் அடிமையே என்று தீர்ப்பில் எழுதிற்று. அதன்பின் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் சிறைக்குள் நடப்பவற்றில் தலையிட நீதிமன்றங்கள் மறுத்தே வந்தன. அதே 1871-இல்தான் அமெரிக்கக் காங்கிரஸ் வேறொரு சட்டத்தையும் இயற்றியது. மாநில அதிகாரி எவரேனும் ஒருவரது அரசியலமைப்பு உரிமையைப் பறித்தால், பறிகொடுத்தவர் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடலாம் என்பது அச்சட்டம். கூ க்ளக்ஸ் கிளான் கொடுமையரை ஒடுக்க வந்த அந்தச் சட்டத்தைச் சிறைக்கதவின் திறவுகோலாக்க முடியும் என்று அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்.

எண்ணியவர்கள் கைதிகளே.

1950-இல் மாஸசூஸெட்ஸ் சிறையொன்றில் நான்கு கறுப்பினக் கைதிகள், கிழக்கு நோக்கித் தொழுவதற்கு வாய்ப்பான அறைகளைக் கேட்டுப் பெற்றனர். அச்செய்தி பாஸ்டன் நாளிதழில் வெளிவந்தது. அந்நால்வருள் ஒருவர் பின்னாளில் உலகறிந்த மால்கம் எக்ஸ். அவர்கள் சார்ந்திருந்த எலிஜா முஹம்மதின் இயக்கம் போதித்த கொள்கைகள் சில, இஸ்லாத்தின் மூலாதாரங்களோடு முற்றிலும் முரண்பட்டவை என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. மால்கமே 1964-இல் ஹஜ்ஜுக்குச் சென்று அவற்றைக் கைவிட்டார். எலிஜா 1975-இல் மறைந்தபின் அவருடைய மகனார் வாரித் தீன் முஹம்மத், பின்பற்றியோரில் பெரும்பாலோரை நேரிய வழிக்கு அழைத்துச் சென்றார். ஆயினும் சிறைக்குள் அவர்கள் கேட்டவை என்ன? குர்ஆன் பிரதி ஒன்று. பன்றியிறைச்சி கலவாத உணவு. கூடித் தொழ ஓரிடம். இவற்றைக் கேட்ட நாவுக்கு அதிகாரிகள் அளித்த விடை தனிமைக் கொட்டடியே.

கனடா எல்லைக்கு அருகே நியூயார்க் மாநிலத்தின் கிளின்டன் சிறை உள்ளது. அங்கே மார்ட்டின் ஸோஸ்ட்ரே என்ற கைதி இருந்தார். போர்ட்டோரிக்கோ வழிவந்தவர், ஹார்லெமில் பிறந்தவர். சட்டநூல்களைத் தாமே பயின்று, தோழர்களோடு சேர்ந்து அவர் மனுக்களை எழுதினார். ஒரு மனுவே மாதிரியாயிற்று. பிற கைதிகள் அதைப் படியெடுத்துத் தத்தம் பெயரை எழுதி நீதிமன்றங்களுக்கு அனுப்பினர். அச்சகமோ இதழோ இல்லாத இடத்தில் கைகளே அச்சு இயந்திரமாயின. 1961-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களது முறையீட்டை விசாரணைக்கு ஏற்றது. 1962-இல் பஃபலோ நகரில் இத்தகைய வழக்கொன்று நடந்தபோது, இது ஒரு மதந்தானா என்ற வினாவுக்கு விடையளிக்க மால்கம் எக்ஸ் சாட்சிக் கூண்டில் ஏறினார்.

அடுத்து வந்தது இல்லினாய் மாநிலத்தின் ஸ்டேட்வில் சிறையிலிருந்த தாமஸ் கூப்பரின் வழக்கு. சமய நூல்களை வாங்க அனுமதியில்லை என்பதே அவரது முறையீடு. கீழ்நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. 1964 ஜூன் 22 அன்று உச்சநீதிமன்றம் ஒரு சிறு பத்தியில் அத்தீர்ப்பைப் புரட்டிற்று. சமயத்தின் காரணமாக உரிமை மறுக்கப்பட்டது என்று கைதி கூறுவது உண்மையானால், அவர் வழக்காடலாம் என்றது. 1871-ஆம் ஆண்டுச் சட்டம் சிறைக் கதவைத் திறந்துவிட்டது. மருத்துவம், உணவு, தண்டனை முறை ஆகியவை பற்றிப் பிற்காலத்தில் கைதிகள் தொடுத்த ஆயிரக்கணக்கான வழக்குகள் அனைத்தும் நுழைந்த வாயில் இதுவே. இறைவேதத்தின் பிரதி ஒன்றைக் கேட்டவனால் கிறிஸ்தவக் கைதியும் நாத்திகக் கைதியும் பயன்பெற்றனர்.

ஸோஸ்ட்ரே 1964-இல் விடுதலையானார். பஃபலோவில் புத்தகக் கடை வைத்தார். 1967-இல் போதைப்பொருள் வழக்கில் மீண்டும் கைதாகி, 41 ஆண்டுகள் வரை தண்டிக்கப்பட்டார். சிறையில் 372 நாட்கள் தனிமையில் வைக்கப்பட்டதை எதிர்த்து வழக்காடினார். 1970-இல் நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி, நாளொன்றுக்கு 35 டாலராகக் கணக்கிட்டு 13,020 டாலர் இழப்பீடு வழங்கினார். மேல்முறையீட்டில் இத்தொகை குறைக்கப்பட்டது. தனிமைச் சிறையே சட்டவிரோதம் என்பதை மேல்நீதிமன்றம் ஒப்பவில்லை. இதற்கிடையே வெளியே அவருக்கென்று குழுக்கள் அமைந்து அவருடைய சிறைக் கடிதங்களை அச்சிட்டுப் பரப்பின. அவருக்கு எதிரான முதன்மைச் சாட்சி தன் வாக்குமூலத்தை மறுத்தான். ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அவரை மனச்சாட்சிக் கைதியாக ஏற்றது. 1975 டிசம்பரில் ஆளுநர் கருணை காட்டினார். இம்முறை வெளியே இருந்தோர் மறக்கவில்லை.

சொல் வெளிவராதபோது நேர்வது என்ன என்பதற்கு ஆட்டிகா சான்று. வாரத்துக்கு ஒரு முறை குளியல், மாதத்துக்கு ஒரு சுருள் கழிப்பறைத் தாள் என்றிருந்த நியூயார்க் மாநிலச் சிறை அது. 1971 கோடையில் கைதிகள் கோரிக்கைப் பட்டியலொன்றை முறையாக எழுதி அனுப்பினர்; பயனில்லை. செப்டம்பர் 9-இல் கலகம் மூண்டது. சிறைக் காவலர் பலர் பிணையாயினர். அவர்களைச் சுற்றி வளையமாக நின்று, பிறர் தீங்கிழைக்காமல் காத்தவர்கள் முஸ்லிம் கைதிகளே. அதிகாரபூர்வ விசாரணைக் குழுவும் இதைப் பதிந்துள்ளது. 13-ஆம் நாள் ஆளுநர் ராக்கஃபெல்லரின் ஆணைப்படி காவற்படை சுட்டுக்கொண்டே நுழைந்தது. 29 கைதிகளும் பிணையாயிருந்த 10 பேரும் குண்டுபட்டு மாண்டனர். பிணையாளரின் கழுத்தைக் கைதிகள் அறுத்தனர் என்று அதிகாரிகள் அறிவிக்க, நாளிதழ்கள் அதையே அச்சிட்டன. மறுநாள் பிணப் பரிசோதனை செய்த மருத்துவர் ஜான் எட்லண்ட், அனைவரும் துப்பாக்கிக் குண்டாலேயே இறந்தனர் என்று வெளிப்படுத்தினார். அந்த மருத்துவர் வாய் திறந்திராவிடில் கழுத்தறுப்புக் கதையே வரலாறாக நிலைத்திருக்கும்.

ஆட்டிகாவுக்குப் பிறகு, சிறையைத் திருத்துவது போதாது, ஒழிக்கவே வேண்டும் என்போர் வலுப்பெற்றனர். 1998-இல் பெர்க்லியில் ஏஞ்சலா டேவிஸ் முதலானோர் கூட்டிய ‘கிரிட்டிக்கல் ரெஸிஸ்டன்ஸ்’ மாநாடு அக்கருத்தினரை ஒன்றுதிரட்டிற்று. கொடியவனை எங்கே வைப்பது என்ற வினாவுக்கு அவர்கள் தரும் விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. எனினும் அவர்களது உழைப்பால் வெளிவந்த உண்மைகளை மறுக்க இயலாது. 1990-இல் வாஷிங்டன் மாநிலக் கைதிகள் இருவர் தட்டச்சுச் செய்து 75 பேருக்கு அனுப்பிய ‘பிரிஸன் லீகல் நியூஸ்’ என்ற சிற்றிதழ், பின்னர் இணையதளத்திலும் ஏறி, சிறை வழக்குகளின் பெருங்களஞ்சியமாயிற்று.

இணையமும் பூசலின்றிக் கிட்டவில்லை. கனடாவில் மரண தண்டனையை எதிர்க்கும் குழுவொன்று, அமெரிக்கக் கைதிகளின் கடிதங்களையும் வழக்கு விவரங்களையும் தன் இணையதளத்தில் வெளியிட்டு வந்தது. தம் உறவினரைக் கொன்றவனின் படத்தை அத்தகைய தளங்களில் காணும் குடும்பத்தாரின் வேதனையைச் சுட்டி, அரிசோனா மாநிலம் 2000-இல் ஒரு சட்டம் செய்தது. அவ்வேதனை பொய்யன்று. ஆனால் அச்சட்டமோ, தன் பெயரை வெளியார் இணையத்தில் ஏற்றியதற்காக உள்ளிருக்கும் கைதியைத் தண்டித்தது. கணினியைத் தொடவே அனுமதியில்லாதவன் அவன்! குழுக்கள் வழக்குத் தொடுத்தன. 2003-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. அரிசோனாக் கைதிகள் முன்போலவே தாளில் எழுதி அஞ்சலில் அனுப்பினர். வெளியே இருப்போர் அவற்றைத் தட்டச்சுச் செய்து தளத்தில் ஏற்றினர்.