வானொலிப் பெட்டியில் நிலையப் பதிவும் ஒலிபரப்புத் தரவும்

நிலையப் பதிவு என்பது, கேட்பவர் விரும்பிய நிலையங்களின் அலைவரிசைகளை வானொலிப் பெட்டி தன் நினைவில் இருத்திக்கொண்டு, ஒரு பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் மீட்டுத் தரும் ஏற்பாடாகும். ஒலிபரப்புத் தரவு என்பது, பாட்டும் பேச்சும் வரும் அதே அலையின்மேல் ஏறி, செவிக்கு எட்டாத வண்ணம், நிலையத்தின் பெயர், நேரம் முதலிய விவரங்களைப் பெட்டிக்கு அறிவிக்கும் இலக்கத் தொடராகும். முன்னதன் குறையைப் பின்னது எவ்வளவு தூரம் தீர்த்தது, எங்கே தீர்க்காமல் விட்டது என்பது, சங்கரன்கோவில் வட்டாரத்து மேலநீலிதநல்லூரைப் போலப் பல திசைகளிலிருந்தும் வரும் அலைகளை நம்பியிருக்கும் ஊர்களில் வைத்துப் பார்க்கும்போதுதான் நன்கு புலப்படும்.

1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் தோன்றின. 1963-இல் திருநெல்வேலி நிலையம் வந்தபின் இவ்வட்டாரத்திற்கு அண்மையிலேயே ஒரு மத்திய அலை கிடைத்தது. அதன் அலைவரிசை 1197 கிலோஹெர்ட்ஸ். இலங்கையை நோக்கி அமைந்த தூத்துக்குடியின் 200 கிலோவாட் நிலையம் 1053 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கத் தொடங்கியது பிற்பாடு. இவற்றிற்கெல்லாம் மேலாக, திரைப்பாடல்களை வாரி வழங்கிய இலங்கை வானொலி, கடலை ஒரு பொருட்டாக எண்ணாமல் தென்மாவட்டத்து வீடுகளில் குடிபுகுந்திருந்தது. அக்காலத்து வால்வு பெட்டிகளின் கண்ணாடி முகப்பில் டெல்லி, பம்பாய், மதராஸ், கொழும்பு என ஊர்ப் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கும். முள்ளைத் திருகி அப்பெயரின் அருகே கொண்டு நிறுத்தி, கரகரப்பு அடங்கும்வரை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவதையே ஸ்டேஷன் பிடிப்பது என்றார்கள். நிலையத்தின் பெயரைத் தாங்கி நின்ற முதல் ஏடு அந்தக் கண்ணாடியே என்று கொள்வதில் தவறில்லை.

1930-களின் பிற்பகுதியிலேயே அமெரிக்கப் பெட்டிகளில் அழுத்து பொத்தான்கள் வந்துவிட்டன. அவை முள்ளை முன்னரே குறித்த இடத்திற்குத் தள்ளும் இயந்திரச் சாதனங்கள் மட்டுமே. அலைவரிசையை இலக்கமாகவே கணக்கிட்டு நினைவில் வைக்கும் மின்னணுப் பெட்டிகள் 1970-களில் பரவின. 1975-ஆம் ஆண்டு ஜெனீவாவில் வகுக்கப்பட்டு 1978 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி, மத்திய அலை நிலையங்கள் ஒன்பது ஒன்பது கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமையலாயின. திருநெல்வேலியின் 1197, தூத்துக்குடியின் 1053, திருச்சியின் 936 ஆகிய மூன்றும் ஒன்பதால் மிச்சமின்றி வகுபடுவது இதனாலேயே. அமெரிக்க வழக்கப்படி பத்துப் பத்தாகத் தாவுமாறு அமைந்த பெட்டி ஒன்றை உறவினர் எவரேனும் அன்போடு கொண்டுவந்து கொடுத்தால், அது 1190-இலும் 1200-இலும் நிற்குமேயன்றி 1197-இல் நிற்காது. பெட்டியின் பின்புறத்திலோ அமைப்புப் பட்டியலிலோ உள்ள தாவல் அளவை ஒன்பதாக மாற்றிய பிறகே நிலையங்களைப் பதிய வேண்டும். மின்சாரம் நின்றால் நினைவும் அழியும் என்பது ஆரம்பகாலப் பெட்டிகளின் மற்றொரு குறை. சிறு பேட்டரி அதைச் சிறிது காலம் காத்தது. மின்னிணைப்பு இல்லாமலே நினைவைத் தக்கவைக்கும் சில்லுகள் வந்த பின்னரே அக்குறை ஒழிந்தது.

ஆனால் மூலக் குறை வேறு. பொத்தான் நினைவில் வைப்பது எண்ணையே தவிர நிலையத்தை அன்று. பகலில் வானின் கீழடுக்கு மத்திய அலைகளை விழுங்குவதால் அருகிலுள்ள நிலையம் மட்டுமே கேட்கும். இரவில் அவ்வடுக்கு மறைய, அதே எண்ணில் எங்கோ தொலைவிலுள்ள நிலையமும் வந்து கலந்துகொள்ளும். பெட்டிக்கு அந்த வேற்றுமை தெரியாது.

இதற்குப் பரிகாரமாக ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் வகுத்து 1984-இல் வெளியிட்டதே ஆர்.டி.எஸ். என்னும் ஒலிபரப்புத் தரவு முறை. பண்பலை ஒலிபரப்பில் 57 கிலோஹெர்ட்ஸ் துணையலை ஒன்றின்மேல் வினாடிக்கு 1187.5 பிட் வேகத்தில் தரவு செல்கிறது. ஒவ்வொரு நிலையத்திற்கும் உரிய அடையாளக் குறி, எட்டெழுத்துப் பெயர், 64 எழுத்துவரை நீளும் செய்தி வரி, கடிகாரத்தைத் திருத்தும் நேரக் குறிப்பு ஆகியன அதில் அடங்கும். ஒரே நிகழ்ச்சி ஒலிக்கும் பிற அலைவரிசைகளின் பட்டியலும் உண்டு. அது ஓடும் காருக்குப் பெரும் சௌகரியம், வீட்டில் அசையாது கிடக்கும் பெட்டிக்கு அவ்வளவு பிரயோஜனமில்லை. வீட்டுப் பெட்டியோ, பதிவு செய்யும்போதே அலை வழங்கும் பெயரையும் எண்ணோடு சேர்த்து வாங்கி வைத்துக்கொள்கிறது.

இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23-இல் சென்னையில் தொடங்கிற்று. தென்மாவட்டங்களின் பல பகுதிகளில் 100.5 மெகாஹெர்ட்ஸில் கேட்கும் கொடைக்கானல் பண்பலையும், நெல்லையில் 93.5-இல் ஒலிக்கும் சூரியன் எஃப்.எம். நிலையமும் பிற்காலத்தவை. பண்பலை எங்கும் பரவினும், ஆர்.டி.எஸ். எழுத்து அட்டவணைகளில் தமிழுக்கு இடம் வகுக்கப்படவில்லை. இத்தரவை அனுப்பும் நிலையமும் தன் எட்டெழுத்துப் பெயரைத் தமிழில் அனுப்ப இயலாது. மத்திய அலைக்கோ அம்முறையே இல்லை. இவ்விரு குறைகளையும் தீர்க்க வல்லது, அகில இந்திய வானொலி மத்திய அலைக்கும் சிற்றலைக்கும் ஏற்றுக்கொண்ட டி.ஆர்.எம். என்னும் இலக்க முறை. அதில் நிலையப் பெயரை ஒருங்குறியில் 16 எழுத்துவரை, தமிழிலேயே அனுப்பலாம். அதை வாங்கும் கருவி இந்தியாவில் பெரும்பாலும் கார்களிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. மலிவான வீட்டுப் பெட்டியில் அது இன்னும் இடம்பெறவில்லை.