மைலோடிஸ்பிளாஸ்டிக் கூட்டறிகுறியில் எலும்பு மச்சை உயிரணுக்கள்

மைலோடிஸ்பிளாஸ்டிக் கூட்டறிகுறி (எம்.டி.எஸ்) என்பது எலும்பு மச்சையிலுள்ள குருதிக் குருத்தணுக்களின் மரபணுப் பிறழ்வால் தோன்றும் குருதிப் புற்றுநோய்களின் தொகுதி ஆகும். பெரும்பாலும் முதியோருக்கே இது ஏற்படுகிறது. மச்சையில் பொதுவாக அணுக்கள் நிறைந்தே இருக்கும். எனினும் அவை முதிர்ச்சியடையுமுன் மடிந்துவிடுவதால் குருதியில் அணுக்கள் குறைகின்றன. சிலருக்கு இது கடும் இரத்தப் புற்றுநோயாக மாறக்கூடும். 2022 இல் உலக சுகாதார அமைப்பு இதற்கு மைலோடிஸ்பிளாஸ்டிக் நியோபிளாசம் எனப் பெயரிட்டது, எம்.டி.எஸ் என்ற சுருக்கம் மாறவில்லை.

அணுக்களின் தோற்றம்

ஓர் அணுவரிசையில் குறைந்தது 10% அணுக்கள் உருத்திரிந்திருந்தால் மட்டுமே அவ்வரிசை பாதிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். சிவப்பணு முன்னோடிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களும், கருக்களிடையே மெல்லிய இணைப்பும் காணப்படலாம். நியூட்ரோபில்களின் கரு மூக்குக்கண்ணாடி போல் இரு மடல்களுடன் நின்றுவிடும், துகள்களும் குறையும். தட்டணுக்களை உருவாக்கும் பேரணுக்கள் மிகச் சிறுத்துக் காணப்படுதல் நம்பகமான அடையாளங்களுள் ஒன்றாகும்.

பிரசிய நீலச் சாயமிட்டால், சில சிவப்பணு முன்னோடிகளில் கருவைச் சுற்றி நீலத் துகள்கள் வளையமாகத் தெரியும். இவை இழைமணிகளில் தேங்கிய இரும்பு ஆகும். இவ்வளையத்திற்கும் எஸ்.எஃப்.3.பி.1 மரபணுவின் பிறழ்வுக்கும் நெருங்கிய தொடர்புண்டு என 2011 இல் கண்டறியப்பட்டது. இப்பிறழ்வுடையோரின் நோய்ப்போக்கு பொதுவாக மிதமானது.

தோற்றத்தை மட்டும் கொண்டு முடிவு செய்வது ஆபத்தானது. பி12 உயிர்ச்சத்துக் குறைபாடு, மது, சில மருந்துகள் ஆகியனவும் இத்தகைய உருத்திரிபை ஏற்படுத்தும். செப்புக் குறைபாட்டில் இரும்பு வளையம்கூடத் தோன்றலாம். குறைபாடுகளை ஈடுசெய்தால் மச்சை சீராகும் என்பதால், இவற்றை முதலில் விலக்குவது இன்றியமையாதது.

நோய்ப்போக்கைக் கணித்தல்

முதிராத பிளாஸ்ட் அணுக்களின் விழுக்காடு முக்கியமானது. இதற்காக மச்சையில் 500 அணுக்கள் எண்ணப்படுகின்றன. 1982 ஆம் ஆண்டின் வகைப்பாட்டில் 30% ஆக இருந்த இரத்தப் புற்றுநோய் எல்லையை, 2001 இல் உலக சுகாதார அமைப்பு 20% ஆகக் குறைத்தது.

1997 இல் வெளியான பன்னாட்டு மதிப்பெண் முறை 2012 இல் திருத்தப்பட்டது. நிறப்புரி மாற்றம், பிளாஸ்ட் அளவு, ஈமோகுளோபின், தட்டணு, நியூட்ரோபில் ஆகிய ஐந்தும் இதில் கணக்கிடப்படுகின்றன. மிகக் குறைந்த இடர்ப் பிரிவினரின் இடைநிலை வாழ்நாள் 8.8 ஆண்டுகள்; மிக உயர்ந்த இடர்ப் பிரிவில் 0.8 ஆண்டு மட்டுமே. 2022 ஆம் ஆண்டின் முறை மரபணுப் பிறழ்வுகளையும் சேர்த்துக்கொண்டது.

1974 இல் விவரிக்கப்பட்ட 5க்யூ இழப்பு வகையில் பேரணுக்களின் கரு மடலின்றி உருண்டிருக்கும். இதன் நோய்ப்போக்கு நல்லது. லெனலிடோமைடு மருந்துக்கும் பலர் இணங்குகின்றனர். ஆனால் டி.பி.53 மரபணுவும் பிறழ்ந்திருந்தால் இரத்தப் புற்றுநோயாகும் வாய்ப்பு கூடுகிறது. நுண்ணோக்கியில் இவ்வேறுபாடு புலப்படாது என்பதால் மரபணுச் சோதனை தேவைப்படுகிறது.